பதினாறு கறுப்புக் கட்டைகள்

தொண்ணூற்றிரண்டு தை மாதம் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்கு முன் வந்த இரண்டு இடத்தாரும் கேசரி சாப்பிட்டுவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று போனவர்கள், போடவில்லை. இந்த மாப்பிள்ளைக்கு ஆர்மோனியம் வாசிக்க வரும் என்று தரகர் சொன்னதிலிருந்து தங்கைக்கு இந்த இடம்தான் வேண்டும் என்றிருந்தது. வாயால் சொல்லவில்லை. வீட்டு ஆர்மோனியத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்தாள்.

வெள்ளைக் கட்டைகள் பரவாயில்லை. கறுப்புக் கட்டைகள் பதினாறும் தேய்ந்து மரம் தெரிந்தது. வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து நானே கழற்றினேன். அடியில் பென்சிலால் எண் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, துடைத்து, எனாமல் அடித்தேன். 'முதல் பூச்சு, காலை 7.10' என்று என் டைரியில் இருக்கிறது. இரண்டாவது பூச்சுக்குப் பெயிண்ட் போதவில்லை. சாமி அறையில் தீப மை இருந்தது. கார்த்திகை தீபம் எரிந்த கொப்பரையிலிருந்து எடுத்து, நெற்றியில் இட்டுக்கொள்ளக் கோயிலில் தருவது. நல்ல காரியத்துக்கும் ஆயிற்று என்று ஒரு ஸ்பூன் குழைத்துவிட்டேன். அதில் நெய் இருக்கிறது, நெய் கலந்த பெயிண்ட் காயாது என்பதெல்லாம் டைரியில் பிறகுதான் ஏறியது.

மூன்று நாள் வெயிலில் வைத்து மாட்டியும் விரலில் ஒட்டியது.

"இன்னாண்ணா, பூசினியா, ஊறப் போட்டியா?" என்றாள் தங்கை.

"வெள்ளைக் கட்டையிலயே வாசி."

"நான் வாசிப்பேன். அவரு வாசிச்சா?"

பெண் பார்க்க வந்த அன்று அவர் வாசித்தார். இரண்டு வரி முடித்து விரலைப் பார்த்தார். அதே விரலால் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"இன்னாடா அது நெத்தியில?" என்றார் அவருடைய அம்மா.

நான் தரையைப் பார்த்தேன்.

"தீப மைங்க," என்றாள் தங்கை. "எங்கண்ணன் கட்டையில தடவி வெச்சிருக்கு."

ஒரு வார்த்தை பொய்யில்லை. அந்த அம்மாள் எழுந்து வந்து, கட்டையைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் இட்டார். தரகர் தானாகவே வந்து குனிந்தார். மாப்பிள்ளை மட்டும் விரலை மோந்து பார்த்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். அவள் காபி தம்ளர்களை எடுக்கக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது.

ஐந்தாம் நாள் மாப்பிள்ளையே எழுதிய கார்டு வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, நாள் பார்க்கலாம். கீழே பொடி எழுத்தில்: 'அம்மா நெற்றியில் மை இன்னும் அழியவில்லை. விசேஷம் என்று தெருவெல்லாம் காட்டுகிறார். நான் ஆபீஸ் போக வேண்டும். எதால் துடைப்பது?'

பதில் எழுத உட்கார்ந்தேன். தங்கை பின்னால் வந்து நின்றாள்.

"மண்ணெண்ணெய்னு போடுண்ணா. அவங்க அம்மாவுக்குச் சொல்ல வேணாம்னும் போடு."