பாதிக் காற்றில் ஒரு ஜீப்

அந்த யோசனை எனக்கு வந்த இடம் திண்டிவனம் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக, எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரமில்லாததுபோல் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஜீப்புக்கு முன்னால் யாரோ ஒரு மிராசுதாரின் புது டிராக்டர். அதன் பின்சக்கரங்கள் என் நெஞ்சு உயரம். சக்கரம் முழுக்கக் கை தடிமனில் ரப்பர்ப் பற்கள். பற்களின் இடுக்கில் காய்ந்திருந்த வயல் சேறு இன்ஜினின் அதிர்வில் துண்டு துண்டாக உதிர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பெட்டி கடந்து போவதற்குள் என் மனத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. நம் ஜீப்புக்கும் இப்படிப் பல் வைத்த டயர் போட்டால் கடல் மணலில் மீனவக் குப்பத்து வாசல் வரைக்கும் போய்விடலாம்!

பக்கத்து சீட்டில் டாக்டரம்மா மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன்.

"கேட்டத் தெறந்தாச்சு. மொதல்ல தண்டவாளத்தத் தாண்டு, இன்டர்மீடியட். மணல அப்புறம் தாண்டலாம்" என்றார்.

இன்டர்மீடியட் என்பதுதான் எனக்கு அவர் வைத்த பெயர். பௌதிகத்தில் நல்ல மார்க் வாங்கி இன்டர்மீடியட் முடித்திருந்தேன். மேலே படிக்க வீட்டில் வசதியில்லை. சும்மா இருக்கவும் எனக்குத் தெரியவில்லை. லைசென்ஸ் எடுத்து, திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஜீப்புக்கு டிரைவராகச் சேர்ந்தேன். யுத்தத்தில் ஓடி, ஏலத்தில் வந்து, நான்கு கை மாறிய ஜீப் அது. நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கிற கியர் மட்டும் அதில் அழகாக வேலை செய்தது. அந்தக் கியர்க் கம்பியை இழுக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருக்கும். டாக்டரம்மா தெற்கத்திக்காரர். ஐம்பதைத் தொட்டவர், தனி ஆள். நரைத்த கொண்டை, கறுப்புத் தோல் பை, எதற்கும் உயராத குரல். செவ்வாய்க்கிழமை தோறும் மரக்காணம் பக்கம் போவோம். உப்பளங்கள் முடிகிற இடத்தில் ரோடும் முடிந்துவிடும். அங்கே ஒரு சவுக்குத் தோப்பு. தோப்புக்கு அப்பால் இரண்டு மைல் வெறும் மணல். அதன் முடிவில், பனைமட்டைக் கூரைகளுடன் குப்பம். ஜீப்பைத் தோப்பிலேயே நிறுத்திவிடுவேன். டாக்டரம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பார். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். ஒரு மணி நேரம் ஆகும். மணல் நம்மை ஓரடி நடக்கவிட்டு அரையடி திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.

மறு வாரமே விழுப்புரத்தில் டயர் கடைக்குப் போனேன். இன்றைக்கும் அந்தக் கடையின் வாசனை மூக்கில் இருக்கிறது. சூடான ரப்பரும் பசையும் முதலாளி பற்றவைத்த ஊதுவத்தியும் கலந்து, அரைத் தூக்கத்தில் வருகிற கனவுபோல் ஒரு வாசனை. உத்தரத்திலிருந்து டயர்கள் கறுப்பு மாலைகளாகத் தொங்கின. நான் ஒவ்வொன்றின் கீழேயும் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

"எங்க ஓட்டப் போறீங்க தம்பி?" என்று கேட்டார் முதலாளி.

"கடல் மணல்ல."

"அப்ப பல்லு இருக்கணும். பல்லு இல்லாம எப்பிடிக் கடிக்கும்?"

பஞ்சருக்குக் காத்திருந்த லாரிக்காரர்களும் அதையே சொன்னார்கள். முகையூரிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி எழுந்து வந்து என் தோளில் தட்டினார். "எங்கூட்டு டிராக்டரு கழனில எறங்குச்சின்னா பாக்கணும் நீ. முட்டி மட்டும் சேறு, அப்பிடியே பூந்து ஏறிக்கினு வரும். பல்லுதாம்ப்பா எல்லாம். யோசிக்காத, ஜல்தியா வாங்கிக்கினு போ" என்றார். இத்தனை பேர் ஒரே குரலில் சொன்னதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரும் சேற்றை அறிந்தவர்கள். சேற்றில் பல் கடிக்கும், ஏனென்றால் கடிப்பதற்கு அடியில் கெட்டித் தரை இருக்கும். மணலை அறிந்தவர் ஒருவர்கூட அன்று அங்கே இல்லை. நானும் யாரையும் தேடிப் போகவில்லை. நான்கு பல் டயர்களை மாட்டிக்கொண்டு, தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்ட பழைய மொட்டை டயர்களை அங்கேயே தள்ளிவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கண்டமங்கலம் அருகே சேற்றில் புதைந்த கரும்பு வண்டி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றினேன். வண்டிக்காரர் கும்பிட்டார். நான் வானத்தில் நடந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, மழை விட்ட காலையில், டாக்டரம்மாவைக் கேட்காமலே தோப்பைத் தாண்டி ஜீப்பை மணலில் இறக்கிவிட்டேன். நனைந்து இறுகிய மணல், சிமெண்டுத் தரைபோல் இருந்தது. பத்தே நிமிஷத்தில் குப்பத்துக்குள் இருந்தோம். பிள்ளைகள் கத்திக்கொண்டே ஜீப்பைச் சுற்றி ஓடினார்கள். டாக்டரம்மாகூடச் சிரித்துவிட்டார். மழை செய்த வேலையை என் டயர் செய்ததாக நான் கணக்கெழுதிக்கொண்டேன்.

குப்பத்தின் கடைசி வீட்டில் ஒரு அக்கா இருந்தார். அவர் கணவர் கட்டுமரத்தில் போகிறவர். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பின் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தது. அவரைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா, "எட்டாம் மாசம் பொறந்ததும் திண்டிவனம் வந்து படுத்துடணும்மா. இடுப்பு ரொம்பச் சின்னதா இருக்கு" என்றார். அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை. ஊர் விட்டுப் போய், தெரியாத சுவர்களுக்கு நடுவே படுப்பதை நினைத்தே கண் கலங்கிவிட்டார். டாக்டரம்மா கை கழுவப் போன நேரத்தில் நான் அவரிடம் சொன்னேன், "நீங்க எதுக்குக்கா பயப்படறீங்க? ஆளனுப்புங்க போதும். டாக்டரம்மாவ வாசல்லயே கொண்டாந்து எறக்கறேன்." அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லை. என் பேச்சை நம்பி இருந்துவிட்டார்.

சித்திரையில் ஒரு முற்பகல், அவர் கணவர் மரக்காணத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளில் வந்து சேர்ந்தார். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "விடியக்காலத்துலேர்ந்து நோவு எடுக்குதுமா. கெழவி கை விரிச்சிட்டா" என்றார். ஊர் மருத்துவச்சியைத்தான் சொன்னார். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். தோப்பைத் தாண்டி, கம்பியை இழுத்து, முழு வேகத்தில் மணலில் இறங்கினேன். மாதக்கணக்கில் மழை காணாத மணல். மாவுபோல் இருந்தது. ஐம்பது கஜம் போயிருப்போம். ஜீப் முனகியது. நான் இன்னும் மிதித்தேன். நான்கு சக்கரமும் ஒரே சமயத்தில், எவ்வளவோ ஆசையோடு, மணலைக் கடித்துக் கடித்துப் பின்னால் துப்பின. ஜீப் முன்னால் போகவில்லை, கீழே போனது. அச்சு மணலில் உட்கார்ந்தது.

"நிறுத்து" என்றார் டாக்டரம்மா. "இன்னும் மிதிச்சா தண்ணி வந்துடும்."

இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். பையை அக்காவின் கணவர் வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினார், திரும்பி வந்தார், மறுபடி ஓடினார். அவருக்கு டாக்டரம்மாவின் நடை போதவில்லை. டாக்டரம்மாவுக்கும் அது போதவில்லை என்பது அவர் தோள்கள் அசைந்ததில் தெரிந்தது. கானல் இருவரையும் முழங்காலுக்குக் கீழே அழித்துவிட்டது. அந்தரத்தில் மிதந்து போகிறவர்கள்போல் சின்னதாகி மறைந்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் கண்ணை மூடினால் அந்த இரண்டு உருவங்கள் கானலில் மிதந்துகொண்டேயிருக்கின்றன. போய்ச் சேருவதில்லை.

நான் கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தேன். உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி வந்தது. பாரம் ஏற்றிய டயர் வண்டி. மாடுகள் சாதாரணமாக நடந்தன. வண்டியோட்டி என் வயதுக்காரன்.

"இன்னா சார், கெணறு வெட்றியா? உப்புத்தண்ணிதான் வரும்."

அவன் வண்டிச் சக்கரத்தையே பார்த்தேன். விளிம்பில் பிறை மாதிரி ஒரு ஒட்டு. நான் போட்டுக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்த ஒட்டு. விழுப்புரத்தில் நான் தள்ளிவிட்டு வந்த மொட்டை டயர்! அதில் பாதிக்குமேல் காற்றில்லை. பாரத்தில் அப்பளம்போல் பரந்து, மணலின் மேலே பட்டும் படாமலும் உருண்டது. அவன் கடந்துபோன தடம் ஒரு பட்டையான நாடாபோல் மேலாகக் கிடந்தது. என் தடம் இரண்டு பள்ளமாக இருந்தது.

"காத்து கம்மியா இருக்கே?" என்றேன்.

"ரோட்டுல அடிச்சிப்பேன். மணல்ல எதுக்கு? கல்லாட்டம் இருந்தா எறங்கிக்கும் சார். மொட்டையா இருந்தா நோண்டாது. இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினான்.

அழுத்தம் என்பது ஓர் அலகுப் பரப்பின் மீது விழும் எடை. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். பரீட்சையில் படம் போட்டு, அடிக்கோடிட்டு எழுதி முழு மார்க் வாங்கிய கேள்வி. அன்று அந்த மணலில் உட்கார்ந்து அதை எனக்கு நானே மெதுவாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

உப்பளத்து ஆட்களைக் கூப்பிட்டு ஜீப்பைத் தோப்புக்கு இழுத்துப்போட்டேன். சாயங்காலம் டாக்டரம்மா திரும்பி வந்தார். பையை அவரே தூக்கி வந்திருந்தார். தாயைக் காப்பாற்றிவிட்டார். குழந்தை தங்கவில்லை. தோப்பு நிழலில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மணலை வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு ஏன் ஆஸ்பத்திரிக்கு வரலன்னு கேட்டேன். சொன்னா."

என்னைத் திட்டியிருந்தால் நான் ஒரு வாரத்தில் அதை மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து அவர் என்னை இன்டர்மீடியட் என்று கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நான் டயர் தேடிய விதமே வேறு. வண்டிக்காரனிடம் என் பழைய டயர்களுக்குப் பதில் பல் டயரைத் தருகிறேன் என்றேன். "எதுக்கு, உன்னோட சேந்து நானும் கெணறு வெட்டவா?" என்று அனுப்பிவிட்டான். விழுப்புரத்து லாரி ஷெட்டுகளில் குப்பையில் கிடந்த மொட்டை டயர்களைப் புரட்டினேன். "பேஜாரு புடிச்ச ஆளுப்பா, புதுச கழட்டிட்டு மொட்டைய மாட்றான்" என்று சிரித்தார்கள். பக்கவாட்டில் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பேன். வெடிப்பில்லாமல், தோல்போல் வளைந்து கொடுக்க வேண்டும். நூல் கயிறு சுற்றி நான்கும் ஒரே சுற்றளவா என்று அளப்பேன். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் நான்கு சக்கரக் கியர் ஒன்றையொன்று இழுத்து முறுக்கிக்கொள்ளும். மூன்று மாதத்தில் நான்கு டயர் சேர்ந்தது. எவ்வளவு காற்றை வெளியே விடுவது என்பதை வெறும் ஜீப்பில், மணலில், ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றேன். அதிகம் விட்டால் திருப்பத்தில் டயர் சக்கரத்தின் இரும்பு வட்டையை விட்டுக் கழன்றுவிடும், குறைவாக விட்டால் மணலில் இறங்கும்.

முதல் தடவை டாக்டரம்மாவை ஏற்றிப் போன காலை ஒரு தூக்கம்போல் ஞாபகத்தில் இருக்கிறது. தோப்பில் நிறுத்தி, நான்கு வால்விலும் காற்றை விட்டேன். சீறல் அடங்கியதும் சவுக்கின் ஓசை மட்டும். ஜீப் மணலில் இறங்கியபோது சத்தமே இல்லை. படகில் போவதுபோல் மெல்ல ஏறி இறங்கியது. டாக்டரம்மா ஒரு கையால் சீட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். திரும்பி வந்து பம்பால் காற்றடிக்கையில் எனக்கு மூச்சு வாங்கியது. "தள்ளு, இன்டர்மீடியட்" என்று புடவையைச் செருகிக்கொண்டு மூன்றாவது சக்கரத்துக்கு அவரே அடித்தார். அந்தப் பெயரை மறுபடி கேட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பின் அந்தக் குப்பத்தில் எத்தனையோ வாசல்களில் நேரத்தோடு போய் நின்றோம். கடைசி வீட்டு வாசலில் மட்டும் நிற்க வேண்டிய தேவை வரவில்லை. டாக்டரம்மா சொந்த ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது வந்திருப்பவர் சின்ன வயதுக்காரர். கெட்டிக்காரர். ஜீப் போனால் தானும் எங்கேயும் வருவேன் என்கிறார்.

போன வாரம் அக்காவின் கணவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்காவுக்கு ஏழாம் மாதம். இந்தத் தடவை அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். அம்மாவின் குப்பம் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் கடல் அடைத்துப் போட்ட மணல் திட்டுத்தான் வழி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல். எந்த ஜீப்பும் அதில் போனதில்லை. "ஆஸ்பத்திரிக்கி வரச் சொன்னா தலைய ஆட்றா. வருவான்னு நெனைக்கல. நீங்க அங்க வருவீங்களா சார்?" என்று கேட்டார்.

வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, மணலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஓதம் இறங்கும் நேரத்தில், ஜீப்பைத் தோப்பில் விட்டுவிட்டு அந்தத் திட்டு முழுவதும் செருப்பில்லாமல் நடக்கப் போகிறேன். கையில் ஒரு மூங்கில் கழி, எங்கே கெட்டி, எங்கே புதைகிற உளை என்று குத்திப் பார்க்க. கடிகாரமும் இருக்கும், நடந்தால் எத்தனை நேரம் என்று தெரிய வேண்டுமே. அடுத்த ஞாயிறு வெறும் ஜீப். நடுவழியில் அது இறங்கிவிட்டால் நேரே அக்காவின் அம்மா வீட்டுக்கு நடந்து போய், என்னால் வர முடியாது, என்னோடு திண்டிவனத்துக்கு வாருங்கள் என்று சொல்லப் போகிறேன்.