அண்ணையின் வைஃபை அட்டை

மேல்வீட்டு அண்ணை இறந்து மூன்று மாதம் கழித்து நான் அக்கா என்று கூப்பிடும் அவருடைய மனைவி என்னை அழைத்தார். பாரிஸின் லா சப்பலில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம்.

"தம்பி, இவரின்ரை லப்டொப்பிலை இருக்கிற படங்களை மன்னாருக்கு அனுப்பவேணும். இன்ரநெற் பிடிக்குதில்லை."

அந்த மடிக்கணினியை எனக்கு நன்றாகத் தெரியும். மந்தமாகிவிட்டதென்று அண்ணை எறியப் போனபோது, அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். வைஃபை அட்டைக்கு மட்டும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தனியாகத் தேடிப் போடவேண்டியிருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கேட்காமலே எல்லாவற்றையும் அப்டேட் செய்தேன். திரும்பத் தொடங்கிப் பார்க்காமல் மூடிக் கொடுத்துவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, வேலைசெய்த உணவகத்தின் சமையலறையில் அண்ணை விழுந்தார். எழும்பவில்லை.

அக்கா கணினியை மேசையில் வைத்தார். திரையில் அண்ணையின் விரல் அடையாளம் இருந்தது. எனக்கு அதைத் துடைக்க மனம் வரவில்லை.

இரண்டு கட்டளைகளிலேயே காரணம் தெரிந்துவிட்டது. அட்டையில் பழுதில்லை. அப்டேட்டில் நான் போட்ட புதிய கேர்னலோடு, லினக்ஸின் அந்த மையப் பகுதியோடு, பழைய டிரைவர் சேரவில்லை. கீழே போய், என் கணினியில் சரியான டிரைவரை இறக்கி, யூஎஸ்பியில் கொண்டுவந்து போட்டேன். மறுபடி தொடங்கியதும், கடவுச்சொல் கேட்காமலே வீட்டு இணைப்பைப் பிடித்துக்கொண்டது. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.

அப்போது அக்காவின் கைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"இவரிட்டை இருந்து மெயில் வந்திருக்கு."

கணினியின் மெயில் செயலியில் அனுப்பக் காத்திருந்த ஒரேயொரு மின்னஞ்சல், இணைப்புக் கிடைத்ததும் தானாகப் போயிருந்தது. எழுதிய நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை. அக்காவின் வதிவிட விசா அட்டையைப் புதுப்பிக்கத் தேவையான வாடகை ரசீதுகள் இணைக்கப்பட்டிருந்தன. கீழே ஒரு வரி: 'பிரதி எடுத்து வையும். பின்னேரம் வெள்ளன வந்திடுவன்.'

அக்கா அந்த வரியைத் திரும்பவும் வாசித்தார்.

"அண்டைக்கு அனுப்பிப்போட்டன் எண்டு சொன்னவர். விசா ஒஃபீசிலை நிண்டு போனிலை பாத்தன், வரேல்லை. போன் எடுத்து, பொய் சொல்லாதேங்கோ எண்டு ஏசினன். அதுக்குப் பிறகு நாங்கள் கதைக்கேல்லை."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அக்கா, அது என்ரை பிழை. அதுக்கு முந்தின ஞாயிறு நான்தான் இதை அப்டேட் செய்தனான். அதாலைதான் வைஃபை நிண்டது. அண்ணைக்கு அது தெரியாது."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப அவர் அனுப்பினவர்."

"ஓம் அக்கா. அனுப்பினவர்."

என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். படங்களை ஒவ்வொன்றாக மன்னாருக்கு அனுப்பினோம். நான் எழும்பியபோது கேட்டார்:

"இன்னும் ஏதும் உள்ளுக்கை நிக்குதோ?"

"இல்லை அக்கா."

கணினியை நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அதன்பிறகும் சில ஞாயிறுகளில் தேவாலயப் பூசை முடிந்து வந்து என் கதவைத் தட்டுவார். நெற் வேலைசெய்யுதோ என்று ஒருக்கால் பார்க்கச் சொல்வார். அது வேலைசெய்துகொண்டுதான் இருக்கும். ஆனாலும் மேலே போய்ப் பார்ப்பேன்.