ராணி இல்லாத நோட்டு

லண்டனில் படிக்கும் அக்கா மகன் லீவுக்கு வந்தவன், பையில் கிடந்ததை எல்லாம் எங்கள் டீவி ஸ்டாண்டில் கொட்டினான். நடுவில் ஒரு காசு, பன்னிரண்டு முனையும் இரண்டு நிறமுமாக. பவுண்டு என்றான். "பவுண்டு வட்டமா, மஞ்சளா, கனமா இருக்குமேடா?" என்றேன். "அது செல்லாமப் போயி எவ்வளவோ நாளாச்சு மாமா" என்றான். அந்த வட்டக் காசை ஒரு டின் நிறையப் பார்த்தவன் நான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், துபாய்க்கு அந்தப் பக்கம் புஜைராவில் ஒரு கடலோர ஹோட்டலின் லாண்டரியில் இருந்தேன். பிளீச்சிங் வாடை பட்டால் இன்றும் எனக்கு ஆஸ்பத்திரி நினைவு வராது, புஜைராதான் வரும். என் ரூம்மேட் முருகேசன் சிவகங்கைப் பக்கத்துக்காரன். அதே ஹோட்டலில் ரூம்பாய். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள், கையிலிருந்த அந்த ஊர் திர்ஹம் தீர்ந்துபோனால், பையில் கிடக்கும் பவுண்டு காசுகளைத் தலையணைமேல் டிப்ஸாக வைத்துவிட்டுப் போவார்கள். பெரிய மனசு என்று அவர்களுக்கு நினைப்பு.

முருகேசன் அவற்றைப் பால்பவுடர் டின்னில் சேர்த்தான். சம்பளம் முழுக்க ஊருக்குப் போய்விடும். டின் மட்டும்தான் அவனுடையது. லீவில் போய் மகளுக்குக் காது குத்த வேண்டும். "அப்பா தங்கத் தோடு கொண்டாரேன் தாயி" என்று போனில் சொல்லியும் விட்டான்.

டின்னைத் தூக்கிக்கொண்டு பணம் மாற்றும் எக்ஸ்சேஞ்சுக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சிக்கா நஹீ பாய், ஒன்லி நோட்." காசு எந்த எக்ஸ்சேஞ்சிலும் எடுக்க மாட்டார்களாம்.

இதற்கு ரூம்பாய்களிடம் ஒரு வழி இருந்தது. ஊர் திரும்பும் வெள்ளைக்காரரிடம் காசைக் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்வது. அவருக்கு அங்கே காசு செல்லும், நமக்கு இங்கே நோட்டு செல்லும். சூப்பர்வைசருக்கு மட்டும் தெரியக் கூடாது. முருகேசனுக்கு ஒரு கிழவர் வாய்த்தார். சிரித்துக்கொண்டே டின்னைக் கவிழ்த்து வாங்கி, இரண்டு இருபது பவுண்டு நோட்டுகள் கொடுத்து, தோளிலும் தட்டினார். பவுண்டு நோட்டை அதுவரை நாங்கள் கண்டதில்லை. "இருபதுன்னு போட்டிருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று படித்தவன் தோரணையில் நான்தான் சொன்னேன்.

கவுண்டர்காரன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ராணி கிதர் ஹை? யே மாஃபி." ராணி படம் இல்லாததால் வேண்டாம் என்றான். அது ஸ்காட்லாந்து பேங்க் நோட்டாம். அவர்கள் ஊரில் செல்லும், எங்கள் புஜைராவில் செல்லாது. கிழவர்மேல் குற்றமில்லை, அவர் ஊர் நோட்டை அவர் கொடுத்தார். திருப்பிக் கேட்க அவர் இல்லை, காலையிலேயே விமானம் ஏறிவிட்டார்.

லீவுக்கு முந்தின நாள் முருகேசன் ஒரு வெள்ளைக்காரம்மாவிடம் நோட்டை மாற்றித் தரக் கேட்டான். அந்தம்மா அது நல்ல நோட்டுதானா என்று ரிசப்ஷனில் விசாரித்தார், அவ்வளவுதான். சூப்பர்வைசர் நம்ம ஊர்க்காரர் என்பதால் திட்டு சுத்தமான தமிழில் விழுந்தது. "கெஸ்ட்டுகிட்ட பிச்சையா எடுக்கிற? இன்னொரு தடவ கேட்டே, விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிருவேன்!"

முருகேசன் கவரிங் தோடு வாங்கிக்கொண்டு விமானம் ஏறினான். திரும்பி வந்தவன் பெட்டியைக்கூடத் திறக்காமல் கட்டிலில் உட்கார்ந்தான். "புள்ளைக்குக் காது சீழ் வச்சிருச்சுண்ணே. தங்கம்னு நெனச்சுக் கழட்டவே மாட்டேன்னு அழுதுச்சு." அந்தக் கிழவர், அந்தம்மா, சூப்பர்வைசர், எல்லார் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் தீரவில்லை.

அதன்பின் தலையணையில் கிடக்கும் காசை அவன் எடுப்பதில்லை. சோப்பு அடுக்குவதுபோல மேசையில் அடுக்கி வைத்துவிட்டு வருவான். நாணயமானவன் என்று அதே சூப்பர்வைசர் அவனுக்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்.

அந்த ஹோட்டலை இடித்துவிட்டார்களாம். வட்டப் பவுண்டும் இல்லை, அந்தக் காகித நோட்டும் இல்லை, இப்போது நோட்டெல்லாம் பிளாஸ்டிக் என்கிறான் அக்கா மகன். முருகேசனின் நம்பரில் வேறு யாரோ பேசுகிறார்கள். அவன் மகளுக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும். காதில் தங்கம் போட்டிருப்பாள். அது அப்பன் வாங்கிக் கொடுத்ததாக இருக்காது.