தேர்தல் நோட்டீஸும் காலேஜ் ஃபீஸும்

கல்லூரி ஆபீஸ் கவுன்ட்டரில் சித்தி அந்த நோட்டீஸை நீட்டிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கெஞ்சவில்லை, குழையவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துச் சீட்டை நீட்டுகிற மாதிரி நீட்டினாள். "இந்தாங்க சார், பிள்ளைக்கு ஃபீஸ்" என்றாள். குமாஸ்தா பிரித்துப் பார்த்தார். அது ஒரு தேர்தல் நோட்டீஸ். மேலே வேட்பாளரின் படம். நடுவில், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் முழுவதும் இலவசம் என்று தமிழில் கொட்டை எழுத்து. கீழே அவருடைய கையெழுத்து அச்சாகியிருந்தது. "ஈ ஆளு தோற்றுபோயில்லே சேச்சி!" இந்த ஆள்தான் தோற்றுவிட்டாரே என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுக் குமாஸ்தா அதைப் பின்னால் இருந்தவர்களிடமும் காட்டினார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. அத்தனை மேஜையையும் கவிழ்த்துவிடலாமா என்று எனக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஃபீஸ் வராவிட்டால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அன்று புதன்கிழமை.

சித்தியை முட்டாள் என்று நினைப்பவர்கள் தோட்டத்தில் வாழ்ந்து பார்க்காதவர்கள். சூரியநெல்லிக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாமே சீட்டுதான். காய்ச்சலுக்குச் சீட்டு, விறகுக்குச் சீட்டு, கம்பளிக்குச் சீட்டு, ஊருக்குப் போகச் சீட்டு. துரை கையெழுத்துப் போட்டால் காரியம் நடக்கும். துரை மாற்றலாகிப் போனாலும் அவர் போட்ட சீட்டு செல்லும். எமர்ஜென்சி முடிந்து வந்த தேர்தலில் இந்த வேட்பாளர் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே வந்தார். கூடையோடு வரிசையில் நிற்பவர்கள் எங்கேயும் ஓட முடியாதே! மைக்கில் பேசிவிட்டு, தன் கையாலேயே ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்தார். மற்றவர்கள் அதில் கருவாடு மடித்தார்கள். சித்தி மட்டும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அவர் தோற்றது அவளுக்கும் தெரியும். கையெழுத்து கையெழுத்துதானே என்பது அவள் கட்சி.

நான் பத்தாம் வகுப்பு தேறியதும், அடுத்த இரண்டு வருஷப் படிப்பான பிரீடிகிரிக்கு மலைக்குக் கீழே இருந்த அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. வீட்டில் பணம் இல்லை. அதை அழுது விவரிக்க எனக்குப் பிடிக்காது. இல்லை, அவ்வளவுதான். இடம் போனால் மறுநாளே நான் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாந்தன்பாறை வந்ததும் சித்தி எழுந்தாள். "இறங்குட்டி. சீட்டு குடுத்தவரையே கேட்டிருவோம்." அந்த வேட்பாளருக்கு அங்கே ஏலக்காய்க் கடை. மலையாளி. எங்கள் ஆட்களோடு வியாபாரம் செய்து தமிழ் பழகியவர். கடைக்குள் ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சித்தி நேராகப் போய் மேஜைமேல் நோட்டீஸை விரித்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"அதே."

"காலேஜ்ல வாங்க மாட்டேங்காங்க. என்னன்னு கேளுங்க."

பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "மொதலாளிக்கு டெபாசிட்டே போச்சு. அவருகிட்ட ஃபீஸ் கேக்க வந்திருக்கு, தைரியத்தப் பாரேன்!"

"ஒன் வேலையப் பாரு தாயி. நான் ஒன்கிட்டயா கேட்டேன்?" என்றாள் சித்தி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, அது ஞான் ஜெயிச்சா செய்யற காரியமாக்கும்."

"ஜெயிச்சான்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க."

மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் நோட்டீஸைத் தானே முதல் வரியிலிருந்து படித்தார். அப்படி ஒரு வார்த்தை அதில் இல்லை. ஓட்டு வாங்குகிற அவசரத்தில் எவன் அதையெல்லாம் போடுவான்? நிமிர்ந்து சித்தியைப் பார்த்து, "சரி. நீங்க எனிக்கு ஓட்டு போட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் சித்தியின் சேலையைப் பிடித்து இழுத்தேன். ஒரே ஒரு ஆமாம். என் படிப்பு முழுவதும் அந்த ஆமாமில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல சார். சங்கத்துல வேற சின்னம் சொன்னாங்க. அதுலதான் குத்தினேன்" என்றாள் சித்தி.

அவர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்து, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "எலக்ஷன் கழிஞ்சு இந்தக் கடைக்கு வந்தவங்க எல்லாரும் எனக்குத்தான் போட்டேன்னு சத்தியம் செய்யறாங்க. அதையெல்லாம் கூட்டினா ஞான் மந்திரி ஆயிருக்கணும்! போடலன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை காலைல ரெடியா இரு. ஞான் வரேன்" என்றார்.

நான் நம்பவில்லை. அதுவும் இன்னொரு வாக்குறுதிதானே! ஆனால் வெள்ளிக்கிழமை மழைத்தூறலில் அவருடைய ஜீப் லயத்து வாசலுக்கே வந்து நின்றது. மேலே கட்டிய மைக்கைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் அவர் முகம் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பத்தாம் நம்பர் மலையைத் தாண்டும்போது, "இது பேசுமா சார்?" என்று மைக்கைக் காட்டிக் கேட்டாள். அவர் டிரைவருக்குக் கண் காட்டினார். அடுத்த நிமிடம் சித்தியின் குரல் மலை முழுவதும் எதிரொலித்தது. "ஏட்டிகளா! நம்ம பிள்ளைக்கு ஃபீஸ் கட்டப் போறோம்! கங்காணி, இன்னைக்கு எனக்குப் பேர் போடாதீங்க, நான் லீவு!" கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து நின்று கூவினார்கள். அந்தக் கூவல் வளைவுக்கு வளைவு எங்கள் பின்னாலேயே வந்தது. நானும் கூவினேன். வேட்பாளரும் கூவினார். பிரச்சாரத்தில்கூட அந்த மனிதருக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

கவுன்ட்டரில் அதே குமாஸ்தா. இவரைப் பார்த்ததும் "சாரே" என்று எழுந்து நின்றார். சித்தி அதே நோட்டீஸை மறுபடி நீட்டினாள். வேட்பாளர் அதன்மேல் பணத்தை வைத்தார். இந்த முறை அந்த ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும்தான் சிரித்தோம். இரண்டாம் வருஷத்துக்கும் அவரே கட்டினார். சொல்லாமலே வந்து கட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் பார்த்துவிட்டேன். ஃபீஸ் இலவசம், கடன் தள்ளுபடி, எல்லாருக்கும் கல்லூரி என்று சொல்லித்தான் ஒவ்வொருவனும் ஜெயிக்கிறான். ஜெயித்த பிறகு கமிட்டி போடுகிறான். என் பேத்தி படிக்கிற கல்லூரியில் இப்போது வாங்குகிற தொகையைச் சொன்னால் சித்தி மைக் இல்லாமலே மலை அதிரக் கத்துவாள். வாக்குறுதி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என் வாழ்க்கையில் சொன்னதைச் செய்த அரசியல்வாதி ஒருவர்தான். அவருக்கு டெபாசிட் போயிருந்தது.

அடுத்த தேர்தலிலும் அவர் நின்றார், மறுபடியும் தோற்றார். நான் அப்போது டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வீட்டுக்கு வந்தபோது, இந்தத் தடவையாவது அவருக்குப் போட்டாயா என்று சித்தியைக் கேட்டேன். சங்கத்து ஆள் யாராவது இருக்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"போட்டேன். அவருகிட்ட மட்டும் சொல்லிராத. நம்ப மாட்டாரு."