கிண்ணியாவுக்கு அனுப்பிய சைக்கிள்

ஜின் இருக்கிறது என்று நம் மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்கள் திரும்பி வருவார்கள், வாசலில் நின்று தண்ணீர் கேட்பார்கள் என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேரே சிரித்துவிடுகிறவள் நான். இன்றைக்கும் மற்றவர்கள் சொல்லும் கதைகளை நான் நம்புவதில்லை. இந்த ஒன்று மட்டும் என் கண் முன்னால், பட்டப்பகலில் நடந்தது. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு நட்டமில்லை, பட வேண்டிய நட்டத்தை அன்றைக்கே பட்டுவிட்டேன்.

எங்கள் வீடு உக்குவளையில். மாப்பிள்ளை, எங்களில் புருஷனை அப்படித்தான் சொல்வோம், தோட்டம் தோட்டமாகப் போய்த் துணி விற்கிறவர். அவர் ஏறிப் போன சைக்கிள் என் வாப்பா என் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது, பச்சை நிறம், இங்கிலாந்துச் சாமான். கண்டியில் வாங்கிய அதை ரயிலில் போட வாப்பாவுக்கு மனம் வரவில்லை, கீறல் விழும் என்றார். அவருக்கோ சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஒரு கையை சீட்டிலும் மறு கையை ஹேண்டிலிலும் வைத்து, கண்டியிலிருந்து வீடுவரை தள்ளிக்கொண்டே நடந்து வந்தார். நாலடிக்கு ஒரு தரம் நின்று பெருவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பாராம், வழியில் கண்டவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். நிக்காஹ் அன்று அதை வாசலில் நிறுத்தி, “இது மாப்பிள்ளைக்கு இல்ல, என்ட மகள்ட வாசலுக்கு” என்று சொன்னார். அதைக் கேட்டது நானும் என் அண்ணன் சலீம் நானாவும்தான். அடுத்த வருஷமே வாப்பா மௌத்தாகிவிட்டார்.

எனக்கு ஒரு மகள் பிறந்து அவள் நடக்கத் தொடங்கிய காலத்தில், கூப்பன் அரிசி வாங்கிய காலம் அது, மாப்பிள்ளை சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, கருவாட்டு வியாபாரம் பார்க்கிறேன் என்று திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவுக்குப் போனார். போனவர் அங்கேயே இன்னொரு கல்யாணம் முடித்துக்கொண்டார். சரி, மார்க்கம் அனுமதித்தது என்பார்கள். ஆனால் இரண்டு வீட்டையும் சமமாகப் பார்க்கவும் அதே மார்க்கம்தானே சொன்னது? எனக்குச் சோறும் இல்லை, விடுதலையும் இல்லை. தலாக் சொல்லிவிடுங்கள் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினேன், பதிலில்லை. கல்யாண வழக்குத் தீர்க்கிற காதியிடம் போயிருக்கலாமே என்பீர்கள். நாலு ஆண்களுக்கு முன்னால் நின்று, என்னை என் மாப்பிள்ளை விட்டுவிட்டார் என்று வாய் திறந்து சொல்ல வேண்டுமே. அது என்னால் முடியாது, எப்போதும் முடியாது.

கடைசியில் கருவாட்டு லொறி ஓட்டும் காசிம் காக்காவிடம் அவர் சொல்லியனுப்பினார். சைக்கிளை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்தால் அன்றைக்கே தலாக் சொல்கிறாராம். என் வாப்பா கொடுத்த சைக்கிளில் மற்றவளை ஏற்றிக்கொண்டு போகும் ஆசை. எல்லோரும் கொடுக்காதே என்றார்கள். நான் கொடுப்பேன் என்றேன். பழைய இரும்பைக் கொடுத்து என் உயிரை மீட்கிறேன், யாருக்கு என்ன நட்டம்?

ரயிலில் அனுப்பலாமா என்று நானா ஸ்டேஷனில் கேட்டு வந்தார். கண்டிக்குப் போய், அங்கிருந்து சுற்றிச் சுற்றி, பெட்டி மாற்றி மாற்றிப் போகுமாம். இறக்குகிற இடமெல்லாம் எறிவார்கள், மணியும் பெடலும் கழன்றுவிடும், கட்டணமோ சைக்கிள் விலைக்கு வந்துவிடும் என்றார். காசிம் காக்காவின் லொறி திரும்பிப் போகும்போது பாதி வெறுமையாகத்தான் போகும். எங்கள் தோட்டத்து மிளகு ஒரு சின்ன மூட்டை கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்.

கட்டியது நான், வேறு யாரையும் தொட விடவில்லை. கழுவித் துடைத்து, ஹேண்டிலை இளக்கிச் சட்டத்தோடு ஒட்டத் திருப்பினேன், பெடல்களைக் கழற்றிக் கரியரில் கட்டினேன். வெயிலில் டியூப் வெடிக்கும் என்பதால் இரண்டு டயரிலும் காற்றை இறக்கினேன். வால்வு இரண்டையும் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன், சின்னச் சாமான்தான் முதலில் களவு போகும். வைக்கோல் பிரியைச் சட்டம் முழுக்கச் சுற்றி, சாக்குக்குள் வைத்து, கோணி ஊசியில் சிவப்பு நூல் கோத்துத் தைத்தேன். யாராவது பிரித்தால் தெரியட்டும் என்றுதான் சிவப்பு நூல்.

அவர் வாயால் சொல்வதை என் காதால் கேட்க வேண்டும் என்று நானும் நானாவும் அதே லொறியில் முன்னால் ஏறிக்கொண்டோம். தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தினார்கள், நான் இறங்கி மூட்டையைப் பார்த்தேன். ஹபரணையிலும் பார்த்தேன். காசிம் காக்கா, “தங்கச்சி, உள்ளுக்க புள்ளையா படுத்திருக்கி?” என்று கேலி பண்ணினார். நான் சிரிக்கவில்லை.

கிண்ணியாவில் அந்த வீட்டுக்கு முன்னால் இறங்கும்போது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மாப்பிள்ளை தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். அவள் வெளியே வந்தாள். சின்னப் பெண், வயிற்றில் பிள்ளை, எனக்குக் கோபப்படக்கூட வரவில்லை. நானா மூட்டையை இறக்கி வேலியில் சாத்துவதைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டாள். உக்குவளையிலிருந்து வந்த சைக்கிள் என்றேன்.

“சைக்கிளா? அத இப்பதானே ராத்தா ஒங்கட வாப்பா கொண்டு வந்தார்.”

என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்றுதான் கூப்பிட்டாள். அவளுக்கு வாப்பாவைத் தெரியாது. அவர் மௌத்தானதும் தெரியாது. அவளே சொல்லிக்கொண்டு போனாள். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு பெரியவர் பச்சைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாராம், ஏறி வரவில்லையாம், கால் முழுக்கப் புழுதியாம். உக்குவளையில் இருக்கிற ராத்தாவின் வாப்பா என்று சொன்னாராம். தண்ணீர் கேட்டுக் குடித்தாராம், உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றாராம். சிவப்புத் துருக்கித் தொப்பி போட்டிருந்தார், அதில் குஞ்சம் இல்லை, அதனால் பார்க்கச் சிரிப்பாக இருந்தது என்றாள்.

அந்தக் குஞ்சத்தைப் பிடுங்கியது நான். வாப்பாவின் மடியில் இருக்கிற வயதில்.

நானா மூட்டையைத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். வந்தவர் என்ன சொன்னார் என்று நான்தான் கேட்டேன்.

“‘இது என்ட மகள்ட வாசலுக்குக் குடுத்தது, வேற வாசல்ல நிக்காது, ஒங்கட மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லுங்க’ எண்டார். டயர அமத்தி அமத்திப் பாத்தார். நான் செம்ப உள்ளுக்க வச்சிட்டு வாரதுக்குள்ள சைக்கிளோட போயிட்டார்.”

மாப்பிள்ளை வந்தார். அவள் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார், இது நானும் நானாவும் சேர்ந்து ஆடுகிற கூத்து என்றார். கத்தியை எடுத்து மூட்டையைப் பிரித்தார். சிவப்பு நூல் ஒரு தையல் விடாமல் அப்படியே இருந்தது, அறுத்தது அவர்தான். சாக்கை உரித்தால், வல்லாஹி, அல்லாஹ் மேல் சத்தியம், ஹேண்டில் நேராக நிற்கிறது. நேராக நின்றால் அந்தச் சாக்குக்குள் அது அடங்கவே அடங்காது. மட்கார்ட் வரைக்கும் செம்புழுதி. இரண்டு டயரும் கல் மாதிரி. மாப்பிள்ளை குனிந்து வால்வு இருக்கிற இடத்தைத் தடவினார், வெறும் ஓட்டை. நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு வால்வையும் அவருக்குக் காட்டினேன்.

அவர் சைக்கிளை விட்டு எட்டி நின்றார். இதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

“எடுத்துட்டுப் போறேன்,” என்றேன். “நீங்க சொன்ன சொல்லு?”

“சைக்கிள் எனக்கு வரல்லயே. பொறகு என்ன பேச்சு?”

அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாசலில் நின்றேன், என் வாழ்நாளில் அப்படி ஒரு வாசலில் நின்றது அந்த ஒரு தரம்தான். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் அந்தப் பெண் அழுதுகொண்டு என் காலைப் பிடித்துவிட்டாள். திரும்பி வரும்போது சாக்குமில்லை, கயிறுமில்லை, கருவாட்டு மூட்டைகளுக்கு மேலே சும்மா போட்டுக்கொண்டு வந்தோம். நம்பினால் நம்புங்கள், ஒரு கீறல் விழவில்லை.

வாப்பா என்னைக் காப்பாற்ற வந்தார் என்று நானா சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கொடுத்த சாமானின் மானத்தைக் காப்பாற்ற வந்தார். மகள் விடுதலையாவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தேன், சைக்கிளை யாரும் ஓட்டவில்லை. டயரின் ரப்பர் வெடித்து உரிந்தது, ஆனாலும் அமுக்கினால் கல். கடைசியில் மாப்பிள்ளை மௌத்தான செய்தி வந்தது. ஒரு வேளைச் சோறு அனுப்பாத மனிதருக்காக நான் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் அடைந்து இத்தா இருந்தேன், முறை முறைதானே. இத்தா முடிந்து வெளியே வந்த அன்று பார்த்தேன், இரண்டு டயரும் தரையோடு தரையாகச் சப்பையாகிக் கிடந்தன. அத்தனை வருஷம் என்னைப் பிடித்து வைத்திருந்தது அவரா, வாப்பாவா, யாரைக் கேட்பது?

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பேத்திக்குக் கல்யாணம் பேசுகிறோம். பையன் வீட்டில் மோட்டார் சைக்கிள் கேட்டார்கள், மகளும் சரி சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் விறகு எடுக்கப் பின்பக்கம் போனேன். சைக்கிள் அதுவரை பின்சுவரில் சாய்ந்திருந்த இடத்தில் இல்லை, முன்னால் வந்து பார்த்தால் வாசலில் நின்றது. குனிந்து பெருவிரலால் டயரை அமுக்கினேன்.

கல். வால்வு இரண்டும் இன்னும் என் அலுமாரியில், தகர டப்பாவுக்குள்.