வடு இல்லாத வைத்திலிங்கம்

“மேடையே தீப்பிடிச்சி எரிஞ்சாலும் சரி மச்சான், கெட்டிமேளம் கொட்டுற நேரத்துல என் கேமரா தாலியைத் தவிர வேற எதையும் பாக்காது.”

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடை வாசலில், ஒரு கையில் டீயும் மறு கையில் வடையுமாக நின்று அன்பரசு இந்தப் பிரகடனத்தை வெளியிட்டான். அதுவரை அவன் ஒரு கல்யாணத்தையும் தனியாகப் படம் பிடித்தவனில்லை என்பது சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும். வடை போடுகிறவருக்கும் தெரியும். இருந்தும் யாரும் குறுக்கே பேசவில்லை. சூளுரைக்கிறவன் வாயில் வடை இருக்கும்போது குறுக்கிடுவது நாகரிகமில்லை.

அன்பரசு ஆரோக்கியராஜின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தான். கல்யாணங்களில் முதலாளி படம் எடுப்பார், அன்பரசு லைட் பிடிப்பான். கடலூர் வட்டாரத்து ஆல்பங்கள் பலவற்றில் அவன் இடம்பெற்றிருக்கிறான், முழங்கை வரைக்கும். கல்யாணம் இல்லாத நாட்களில் ஸ்டூடியோவின் பாஸ்போர்ட் படப் பகுதி அவன் ராஜ்ஜியம். அங்கே அவன் சர்வாதிகாரி. நாடியைத் தூக்கச் சொல்வான், தூக்குவார்கள். சிரிக்கச் சொல்வான், சிரிப்பார்கள். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவர்கள் முகத்திலிருந்த மரு, பரு, தழும்பு, அம்மை வடு எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே அழித்துத் தருவான். கடவுள் அவசரத்தில் விட்ட பிழைகளைத் தான் திருத்தி வைப்பதாக அவனுக்கு ஓர் எண்ணம்.

இந்த ராஜ்ஜியத்துக்கு ஒரு சாபம் இருந்தது. ஊரில் யாராவது இறந்துபோனால் வீட்டார் கையில் கிடைக்கும் ஒரே நல்ல படம் அன்பரசு எடுத்ததாகத்தான் இருக்கும். அது மறுநாளே கண்ணீர் அஞ்சலி பேனராகி மின்கம்பத்தில் ஏறும். அவன் ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொன்னவர்கள், சொன்ன சொல்லை மீறாமல், அங்கே சிரித்துக்கொண்டே இருப்பார்கள். மழை பெய்தாலும் சிரிப்பார்கள். காற்றில் பேனர் கிழிந்து பாதி முகம் பறந்தாலும் மீதிப் பாதி சிரிக்கும். அத்தனை பேரும் லென்ஸைப் பார்த்தவர்கள் என்பதால் தெருவில் போகும் அன்பரசையே பார்ப்பார்கள். அவன் வீட்டுக்குப் போக நேர்வழி ஒன்று இருக்க, சந்து சந்தாகச் சுற்றித்தான் போவான். கேட்டால் நடைப்பயிற்சி என்பான்.

இப்படியிருக்க ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் ஆரோக்கியராஜுக்கு இரண்டு கல்யாணம் வந்து சேர்ந்தது. ஒன்று பண்ருட்டியில், பெரிய இடம். மற்றது சிதம்பரத்தில்.

“சிதம்பரத்தை நீ பாத்துக்க. வீடியோ வேணாம்ட்டாங்க, வருஷம் திரும்பாத வீடு. அப்பா செத்த ஆண்டுக்குள்ள பொண்ணைக் குடுத்துடணும்னு சிம்பிளா வச்சிருக்காங்க. நீயும் கேமராவும் போதும்” என்றார் முதலாளி. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “அன்பு, சாப்பாட்டை வுட்டுட்டா மறுபடி போடுவாங்க. தாலியை வுட்டா திரும்ப லைட்டுதான் புடிக்கணும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத.”

“என்னாண்ணே நீங்க” என்றான் அன்பரசு. டீக்கடைப் பிரகடனம் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை போலும்.

முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய் இறங்கி, ஆட்டோ பிடித்து மண்டபத்துக்குள் நுழைந்தவன் மேடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

மேடை ஓரத்தில், வேலைப்பாடு செய்த நாற்காலியில், பட்டுச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைமுடி ஃபேன் காற்றில் லேசாக அசைந்தது. முகத்தில் சிரிப்பு. அன்பரசுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். நாடியைச் சற்றுத் தூக்கியிருந்த விதத்தையும் தெரியும். தூக்கச் சொன்னவனே அவன்தான்.

“பெண்ணோட அப்பா. எங்கண்ணன் வைத்திலிங்கம்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெண்ணின் சித்தப்பா ஸ்ரீதர். “சிலிக்கான் சிலை தம்பி. பெங்களூர்ல செஞ்சது. போட்டோ அனுப்புனா போதும், ஆளை அப்படியே எறக்கிடுறானுங்க. பாருங்க, கைல மயிர்கூட இருக்கு. அண்ணன் இல்லாத கொறை தெரியக்கூடாதுன்னு நாந்தான் ஏற்பாடு பண்ணேன்.”

குறை தெரியவில்லை என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. வந்தவர்கள் முதலில் கும்பிட்டார்கள், அப்புறம் நெஞ்சில் கை வைத்தார்கள். தூரத்து உறவுக்காரப் பெரியம்மா ஒருத்தி, பார்வை மங்கலானவள், “என்னா வைத்தி, எளைச்சிட்ட” என்று காபி டம்ளரை அவர் கைப்பக்கம் வைத்துவிட்டுப் போனாள். காபி ஆறி ஏடு கட்டியது. அதை எடுக்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்பரசு வேலையை ஆரம்பித்தான். இங்கே அவன் கேமராவின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். அது இந்தக் காலத்துக் கேமரா. எங்கே மனிதக் கண் தெரிந்தாலும் அதன்மேல் ஒரு பச்சைக் கட்டம் போட்டு, அதைத்தான் துல்லியமாகக் காட்டும். மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். பெண் கயல்விழி குனிந்திருந்தாள். ஐயருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. அந்த மேடையிலேயே கண்ணை இமைக்காமல் திறந்து வைத்திருந்த ஒரே மனிதர் வைத்திலிங்கம். மாப்பிள்ளையைக் குறி வைத்தால் கட்டம் தாவி அவர்மேல் உட்கார்ந்தது. பெண்ணைக் குறி வைத்தாலும் அவர்தான். மாலையை எடுத்தால் மாலை மங்கி, பின்னால் அவர் பளிச்சென்று சிரித்தார். கேமரா உயிருள்ளவர்களை ஒவ்வொருவராக நிராகரித்துக்கொண்டிருந்தது.

அதை அணைக்க ஒரு பொத்தான் உண்டு. அணைத்தான். பச்சைக் கட்டம் போயிற்று. ஆனால் கேமராவை இறக்கிய பிறகும் எந்தப் பக்கம் நின்றாலும் கன்னத்தில் அந்தப் பார்வை பட்டதுபோல் இருந்தது.

“அப்பாவோட ஒண்ணு எடுங்கண்ணா” என்று கயல்விழி வந்து நாற்காலியருகே மண்டியிட்டாள். தொடலாமா என்று யோசித்து, தொட்டு, கையை எடுத்துக்கொண்டாள்.

“நல்லா வந்திருக்காருல்ல?” என்றான் அன்பரசு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“ரொம்ப நல்லா இருக்காரு. அதான் பயமா இருக்கு.”

அன்பரசு கேமரா வழியாக அந்த முகத்தை நெருங்கிப் பார்த்தான். இடது தாடை வழுவழுவென்றிருந்தது. அங்கே ஒரு வடு இருந்தது அவனுக்கு நினைவு வந்தது. நல்ல நீளம். கம்ப்யூட்டரில் ஒரே இழுப்பில் அழித்திருந்தான். ஒரு மனிதனைத் திருத்தி அனுப்பினோம், திருத்தியபடியே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று எண்ணியபடி கேமராவை இறக்கினான்.

“உங்கம்மா எங்க? அவுங்களையும் வச்சி ஒண்ணு எடுத்துடலாம்.”

கயல்விழி மண்டபத்தின் கடைசியைப் பார்த்தாள்.

சாப்பாட்டுக் கூடத்துக் கதவோரம் சௌந்தரம் நின்றிருந்தாள். மேடைக்கு வராதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவ்வளவு கொடுமைக்காரர்கள் அங்கே யாருமில்லை. வா என்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தாரை வார்க்க ஸ்ரீதரும் அவர் மனைவியும் தயாராக இருந்தார்கள். சுமங்கலிகள் தட்டுகளோடு போனார்கள், வந்தார்கள். இறந்துபோன வைத்திலிங்கத்துக்கு மேடையில் நாற்காலி போட்டு, ஃபேனும் திருப்பி வைத்திருந்தார்கள். இறந்துபோகாத சௌந்தரத்துக்குத்தான் கதவோரம். இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக அந்தச் சபையில் இருந்த படித்தவர்கள் யாருக்கும் படவில்லை.

“அம்மா, மேடைக்கு வாங்க. சார் பக்கத்துல ஒரு படம்.”

“எந்த சார்?” என்றாள் சௌந்தரம். “அந்தாளு பக்கத்துல நான் ஏன் தம்பி நிக்கணும்? எம்புருஷனுக்குத் தாடையில வடு இருக்கும். கல்யாணமான புதுசுல என்னைச் சைக்கிள்ல வச்சி பிச்சாவரம் கூட்டிட்டுப் போறேன்னு போயி, பள்ளத்துல வுட்டு வாங்குன வடு. எனக்கு ஒரு கீறல் இல்ல. அவுருக்குத்தான் ரத்தம். அது இல்லாம ஒருத்தன் பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கான். ஆரு அவன்?”

அன்பரசு காலால் தரையைத் தேய்த்தான். “அந்த போட்டோ எடுத்தது நாந்தாம்மா. வடுவை அழிச்சதும்...”

“தெரியும். நானும்தான் கூட வந்தேன், உன் கடை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ‘வயசைக் கொறச்சிட்டான் பார்றீ பையன்’னு சிரிச்சிக்கிட்டே வெளிய வந்தாரு. நாந்தான் திட்டுனேன். ‘எனக்காக வுழுந்ததை அழிச்சிட்டு வந்திருக்கியா’ன்னு கேட்டுட்டு ஊரு வந்து சேர்ற வரைக்கும் பேசல.” அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “பேசியிருக்கலாம். போ தம்பி, முகூர்த்த நேரம். தாலியை ஒழுங்கா எடு. நான் நிக்கிற எடத்துலேருந்து ஒண்ணும் தெரியாது, படத்துலதான் பாக்கணும்.”

அன்பரசு ஓடினான். மேடை முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றான். வெளிச்சம் சரி, கோணம் சரி. தாலி தட்டில் சுற்றி வந்தது. மண்டபத்தில் அத்தனை செல்போன்களும் உயர்ந்தன. ஒவ்வொன்றிலும் பதிவானது முன்வரிசைக்காரரின் செல்போன். ஆக, தாலி ஒழுங்காகத் தெரியும் இடம் அந்த ஸ்டூல் ஒன்றுதான்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

மேளம் வெடித்தது. செந்தமிழ்செல்வன் தாலியைத் தூக்கினான். அன்பரசின் விரல் பொத்தான்மேல் இருந்தது. கேமராவுக்குள் தாலி, மஞ்சள் கயிறு, பெண்ணின் கழுத்து. ஓரத்தில் அந்த வழுவழுப்பான தாடை. அதற்குமேல் அந்தக் கண்கள். அவை தாலியைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளையும் தாண்டி, கதவோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெங்களூர்க்காரன் அப்படிப் பொருத்திவிட்டான், அவ்வளவுதான் என்று அன்பரசு தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே ஸ்டூல்மேல் திரும்பிவிட்டான்.

வாழ்க்கையில் அதுவரை அட்சதையை முதுகில் வாங்கியவன் அன்று முகத்தில் வாங்கினான். மஞ்சள் அரிசி நெற்றியிலும் லென்ஸிலும் வந்து தெறித்தது. அதற்கு அப்பால், கதவோரம், சௌந்தரம் நுனிக்காலில் எக்கி நின்றாள். கையிலிருந்த அட்சதையை வீசினாள். அது கடைசி வரிசையைக்கூடத் தாண்டாமல் காலி நாற்காலிகள்மேல் விழுந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மிச்சத்தையும் வீசினாள். இன்னும் கொஞ்சம் பலமாக. வீசிய கையை இறக்க மறந்து அப்படியே நின்றாள்.

அன்பரசு அழுத்தினான். மறுபடி அழுத்தினான். அவன் முதுகுக்குப் பின்னால் முதல் முடிச்சு விழுந்தது, இரண்டாவது விழுந்தது, மாப்பிள்ளையின் தங்கை மூன்றாவதைப் போட்டு முடித்தாள். அவன் திரும்பவில்லை.

மேளம் ஓய்ந்தது.

“தம்பி, எடுத்துட்டீங்கல்ல?” என்று மேடையிலிருந்து ஸ்ரீதர் கத்தினார்.

“எடுத்துட்டேங்க” என்றான் அன்பரசு, லென்ஸ்மேல் ஒட்டியிருந்த ஓர் அரிசியை விரலால் தள்ளிவிட்டபடி.