பூட்டிய கொட்டகையில் எழுந்த புகை

லவேட்டா கிரிம்ஸ் முதலில் அடிப்பாள், அப்புறம்தான் விசாரிப்பாள். பதினான்கு வயதில், குடித்துவிட்டு வந்து அம்மாவை உதைத்த அப்பாவின் கையை மண்வெட்டிக் காம்பால் முறித்தவள் அவள். அந்த அடியில் நியாயம் இருந்தது. பலனும் இருந்தது, கிழவன் அதற்குப் பிறகு வீட்டில் குரலை உயர்த்தவே இல்லை. உலகத்தோடு பேச கைதான் சரியான வழி என்று அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள். பின்னால் வந்த கேடெல்லாம் அந்த முடிவிலிருந்து முளைத்ததுதான்.

அப்பா போனபின் மாடுகளும், குதிரைமசால் என்ற தீவனப்புல் வயலும், ஒரு பழைய மரக் கொட்டகையும் அவள் கைக்கு வந்தன. அரிசோனாப் பாலையில் வயல் என்றால் கிணறுதான். பக்கத்துப் பண்ணை ஹோய்ட் ரான்ஸ்டெல் ஆழமாக ஒரு கிணறு இறக்கினான். இவள் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. இவள் அவன் வேலியை வெட்டினாள். அவன் இவள் நாயைச் சுட்டான். ஒருநாள் மதுக்கடையில் நாலு பேர் கேட்க ஹோய்ட் வாயை விட்டான்.

“உன் கொட்டகை ஒரு தீக்குச்சிக்குத் தாங்குமா லவேட்டா? பாத்து நடந்துக்க.”

அந்த ஆகஸ்டில், மலைமேல் மேகம் திரண்டதும், ஊரில் எல்லோருக்கும் முன்னால் மசாலை அறுத்து, கட்டுகளாகக் கட்டிக் கொட்டகையில் ஏற்றிவிட்டாள் லவேட்டா. அந்தப் பெருமையை அவள் பேசித் தீர்ப்பதற்குள் கொட்டகை பற்றி எரிந்தது. நாற்பது வருஷம் வெயிலில் காய்ந்த மரம், எப்படி அணைப்பது? உள்ளே பத்தடிக்கு ஒரு தூண். டிராக்டரை விட்டு ஒரு மசால் கட்டைக்கூட வெளியே இழுக்க முடியவில்லை. உள்ளே கட்டியிருந்த இரண்டு பெண் குதிரைகள் கடைசிவரை அலறின. அவளும் கடைசிவரை அங்கேயே நின்று கேட்டாள். சாம்பலும் ஆணியும்தான் மிச்சம். யார் செய்தார்கள் என்பதற்குத் தடயம் இல்லை. அவளுக்குத் தடயம் தேவைப்படவும் இல்லை.

தீவனக் கடை வாசலில் ஹோய்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் வண்டியிலிருந்து கடப்பாரையோடு இறங்கினாள்.

“நான் வைக்கல! சத்தியமா நான் வைக்கல லவேட்டா!”

“குதிரைங்க கத்துனது கேட்டுச்சாடா உனக்கு? கேட்டுச்சா?”

முதல் அடியில் தாடை போனது. இரண்டாவதில் இடது கண். மூன்றாவதை அவள் ஓங்கும்போதுதான் கடையிலிருந்தவர்கள் ஓடிவந்து அமுக்கினார்கள். தலை தரையில் அழுந்தக் கிடந்தபடியே அவள் அவன் காலைக் கடித்தாள்.

சிறையில் கிடந்து திரும்பியவள் மாடுகளை விற்றுப் புதுக் கொட்டகைக்கு ஆள் பிடித்தாள். நெஸ்டர் ஒச்சோவா என்ற கொத்தனார் வந்தான்.

“எரியற சாமான் ஒண்ணுகூட வேணாம்” என்றாள்.

“அப்ப இரும்புக் கால்தான். சுண்ணாம்புப் பாறையைத் துளைச்சு ஆழமா நட்டுக் கான்கிரீட் ஊத்திடறேன். புழுதிப் புயல் வந்து தூக்கிப் பாக்கட்டும்.”

“வெயிலு?”

“கூரைக்கு வெள்ளைத் தகரம். அடியில வெப்பம் இறங்காம மெத்தை. முகட்டுல நீளமா ஒரு திறப்பு விட்டுக் கம்பிவலை அடிச்சுட்டா உள்ள இருக்கிற சூடு தானா மேல போயிடும். நடுவுல தூணே கிடையாதுக்கா. பந்தே விளையாடலாம்.”

“விளையாட நான் ஆளு கூப்பிடல. வேலையப் பாரு.”

சொன்னபடியே நின்றது கொட்டகை. அடுத்த கோடையில் புழுதிப் புயல் ஊரில் பாதிக் கூரைகளைப் பிய்த்து எறிந்தபோது அதில் ஒரு திருகாணி அசையவில்லை. கறையான் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். மதுக்கடையில் லவேட்டாவின் அலட்டல் தாங்கவில்லை. “எலி நுழைய ஒரு சந்து காட்டுங்கடா, ராத்திரி பூரா பீர் என் செலவு!” என்பாள். கதவுக்குப் பெரிய பூட்டு. சாவி அவள் கழுத்தில். ஹோய்ட் கடையின் மறுமூலையில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தபடி குடிப்பான். இருவரும் பேசுவதில்லை.

இந்த ஆகஸ்டிலும் மலைமேல் மேகம் வந்தது. மற்றவர்கள் இன்னொரு நாள் காயட்டும் என்று பொறுத்தார்கள். லவேட்டாவுக்கு அந்தப் பழக்கமே இல்லை. மசாலைக் கட்டி, முகடு முட்ட அடுக்கி, பூட்டினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் முகட்டுத் திறப்பிலிருந்து புகை வந்தது.

அவள் தண்ணீரைத் தேடவில்லை. துப்பாக்கியைத்தான் தேடினாள். ஹோய்ட் தன் வீட்டு அடுப்படியில் பீன்ஸும் முட்டையும் தின்றுகொண்டிருந்தான். ஜன்னலைத் துளைத்து வந்த குண்டு காப்பிக் குவளையைச் சிதறடித்தது. கன்னத்தில் கண்ணாடி கிழித்து ரத்தம் வழிந்தது.

“ஏறுடா வண்டில. உன் கைவேலைய நீயே பாரு. அப்புறம் உன்னைச் சுடறேன்.”

வாய்ச் சவடால் இல்லை அது. இந்த முறை கண்ணோடு நிறுத்துவதாக இல்லை. அவனை அந்தக் கொட்டகை வாசலிலேயே விழுத்தாட்டி, மறுபடி ஜெயிலுக்குப் போக அவள் தயாராகிவிட்டாள். அவனை முன்னால் தள்ளி, முதுகில் குழலை அழுத்தி, கழுத்துச் சாவியால் பூட்டைத் திறந்தாள்.

ஹோய்ட் பூட்டைப் பார்த்தான். சாவியைப் பார்த்தான். சிரித்தே விட்டான்.

“நான் எந்த வழியா உள்ள வந்தேன் லவேட்டா? எலிச் சந்து கிடையாதுன்னு நீதானே ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச?”

“சிரிக்காதடா!” துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்தாள். அவன் முட்டி போட்டு விழுந்தான். எழுந்தவன், சுவரோரம் கிடந்த நீளக் கம்பியை எடுத்து, புகைந்துகொண்டிருந்த அடுக்கின் நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு உள்ளே செருகினான். கொஞ்ச நேரம் விட்டு உருவினான்.

“தொட்டுப் பாரு.”

தொட்டாள். விரல் தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

“இப்ப வெளிப்பக்கம் தொடு. சில்லுனு இருக்குல்ல? தீ வைக்கிறவன் கட்டுக்கு நடுவுல போய் வச்சுட்டு வருவானா? பச்சையா கட்டியிருக்க. உள்ள ஈரம். அது தானா வெந்து, தானா கனிஞ்சு, தானா பத்திக்கும். மேகத்தைப் பாத்தா உனக்குப் பேய் பிடிச்சிடுதே!” அவன் குரல் உடைந்தது. “அந்த வருஷமும் நீதானே எல்லாருக்கும் முந்தி ஏத்தின? சொல்லு!”

 அவள் காதில் குதிரைகள் அலறின. அவற்றைக் கொன்றது அவள். பழைய கொட்டகை உண்மையையும் சேர்த்து எரித்துவிட்டு அவளைக் காப்பாற்றியிருந்தது. எரியாத இந்தத் தகரம் காட்டிக் கொடுத்துவிட்டது. துப்பாக்கி தானாகக் கீழே தாழ்ந்தது.

ஹோய்ட் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போகட்டும் என்று நின்றாள். ஆனால் தன் கிணற்றுத் தண்ணீர் நிறைந்த டாங்கியோடு திரும்பி வந்தான்.

“உனக்காக வரல. காத்து என் புல்லுப் பக்கம் அடிக்குது. டிராக்டரை எடு.”

தூண் இல்லாத கொட்டகைக்குள் அவள் டிராக்டரை நேராக விட்டாள். நடுக் கட்டுகளை இழுத்ததும் காற்றுப் பட்டு, தீ கூரைவரை சீறியது. அவள் முன்முடி கருகியது. ஹோய்டின் சட்டைக் கை பற்றிக்கொள்ள, குழாயைத் தன்மேலேயே திருப்பிக்கொண்டான். தகரம் நெளிந்து கத்தியது. இரும்புக் கால்கள் அசையவில்லை. உச்சி வெயிலுக்குள் கடைசிக் கட்டும் வெளியே வந்து கிடந்தது. மசால் பாதிக்குமேல் போய்விட்டது. கொட்டகை நின்றது.

இருவரும் கரிபிடித்து எதிரெதிரே நின்றார்கள்.

“அடி” என்றாள் லவேட்டா.

“என்ன?”

“அடிடா. எத்தனை வேணா அடி.”

அவன் யோசிக்கவே இல்லை. முழு உடம்பையும் சேர்த்து ஓங்கி விட்டான். முஷ்டி அவள் மூக்குக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றில் போனது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. அவன் தடுமாறி, வாய்விட்டுத் திட்டிக்கொண்டு, மறுபடி நிமிர்ந்தான்.

 அப்பாவிடம்கூட அழாத லவேட்டா அழுதாள். கைகளைத் தொங்கவிட்டபடியே, அவனுக்கு எட்டும்படி ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

இந்த முறை அடி விழுந்தது.